தராசை உள்ளே எடுத்து வையுங்கள்: கைப்பந்தாட்ட அணி தெரிவு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்குக் கைப்பந்தாட்டம் பழக்குகிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பயிற்றுநர்களுக்கும், அணி தெரிவு செய்ய வருகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு தையற்காரி. வீட்டு முன்விறாந்தையில் இரண்டு மெஷின் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகத் தைக்கிறேன். பாடசாலைச் சீருடை, சாறி பிளவுஸ், சாமத்திய வீட்டுப் பாவாடை சட்டை, கடந்த ஐந்தாறு வருடமாக விளையாட்டு அணிகளின் உடுப்பும். என் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்குக் கைப்பந்தாட்டம்தான் உயிர். கரப்பந்து இல்லை, கைப்பந்து. தமிழ்நாட்டில் வலைக்கு மேலால் அடிக்கிற ஆட்டத்தைத்தான் கைப்பந்து என்பார்கள். நான் சொல்வது, இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்டு, பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம். உங்களுக்குத் தெரியும், வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மகளின் பாடசாலையில் கைப்பந்து அணித் தெரிவு நடந்த அன்றைக்கு நானும் அங்கே நின்றேன். அணி உடுப்புக்கு அளவெடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். வலைப்பந்து (நெட்போல்) திடலின் சீமெந்து ஓரத்தில் ஒரு குளியலறைத் தராசு. இருபத்திரண்டு பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு பிள்ளை குனிந்து எண்ணை வாசிக்க, இன்னொரு பிள்ளை சீ.ஆர். கொப்பியில் எழுதினாள். மதிலோரம் கிரிக்கெட் பயிற்சிக்கு வந்த பெடியள் காத்து நின்றார்கள். என் மகள் தராசில் ஏறியதும் வாசிக்கிற பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சத்தமாச் சொல்லும், எழுதிற பிள்ளைக்குக் கேக்கேல்ல" என்றார் சேர். அவள் சொன்னாள். மதில் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சேர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஆறு கிலோ குறைச்சுப்போட்டு வாரும். அதுக்குப் பிறகு பந்தைப் பற்றிக் கதைப்பம்" என்றார்.

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

என் தொழிலும் அளவெடுப்பதுதான். ஒரு பிள்ளையை அளக்கும்போது வாசல் திரையை இழுத்துவிடுவேன். எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டேன், எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவைப்பேன். தாய் பக்கத்தில் நின்று "எவ்வளவு?" என்று கேட்டாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். ஒருவரும் இதை எனக்குப் படிப்பிக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு தரம் ஆட்களுக்கு முன்னால் ஓர் இடுப்பளவைச் சொல்லி, அந்தப் பிள்ளை அழுததைக் கண்டேன். அன்றோடு விட்டேன்.

அந்தச் சேர் கெட்டவர் இல்லை. பந்து வாங்கத் தன் கையிலிருந்து காசு போட்டவர். மழைக்கால மாலைகளில் கடைசிப் பிள்ளைக்கும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை கேற்றடியில் நிற்பவர். ஆனாலும் அன்று செய்தது பிழை. அதை அவரிடம் நேரே சொன்னேன். பிறகு விசாரித்துப் பார்த்தால், வேறு பாடசாலைகளின் தாய்மாரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். காலையில் "பசிக்கேல்ல அம்மா" என்று தேத்தண்ணியோடு போவாள். மத்தியானப் பெட்டி மட்டும் வெறுமையாகத் திரும்பி வரும். சாப்பிடுகிறாள் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் கிணற்றடியில் வாழைக்கு மண் அணைக்கப் போனால், பாத்திக்குள் புட்டும் முட்டைப்பொரியலும் கிடக்கின்றன, எறும்பு மொய்த்தபடி. பெட்டியைத் திறக்காமல் கொண்டுவந்து, நான் மெஷினில் இருக்கிற நேரம் பார்த்து அங்கே கொட்டியிருக்கிறாள். எத்தனை நாள் புட்டு அந்த வாழைக்குப் போனதோ. ஆறாவது கிழமை காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதே டொக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிய வந்தது.

இவள் கைக்குழந்தையாக இருந்தபோது கிளினிக்கில் நூறு கிராம் கூடியிருந்தால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். 1995 ஐப்பசியில் சண்டையால் ஊரோடு இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. எலும்பும் தோலுமாக இருந்தோம். மெலிவு அழகென்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, மெலிவைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. என் பிள்ளை தட்டு நிறையச் சாப்பிட்டு வளர வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனையாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை சோற்றை ஒளித்துக் கொட்டினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்குக் கைப்பந்தாட்டம் தெரியாது. மகள் சாப்பிடத் தொடங்கிய பிறகு, அவளோடு இருந்து போனில் ஆட்டங்களைப் பார்த்துத்தான் பழகினேன். ஒஸ்லோவில் இருக்கிற தங்கச்சியும் உதவினாள். நோர்வேயில் பெண்பிள்ளைகள் மத்தியில் இந்த ஆட்டத்துக்கு நல்ல பெயர், தங்கச்சியின் மகளும் ஊர்க் கழகத்தில் விளையாடுகிறாள். "அக்கா, இங்க தராசைக் கொண்டுவந்து திடல்ல வைச்சா தாய் தகப்பன் விடமாட்டினம்" என்றாள்.

திடல் 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம். கோல் 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். கோலைச் சுற்றி 6 மீற்றரில் ஒரு வளைகோடு. அதற்குள் கோல் காப்பாளரைத் தவிர மற்றவர்கள் கால் வைக்கக்கூடாது, பாய்ந்து காற்றில் இருக்கும்போது எறியலாம். இந்த ஒரு கோட்டால்தான் ஏழு பேருக்கும் ஏழு விதமான வேலை வருகிறது என்று எனக்குப் படுகிறது. 9 மீற்றரில் நின்று தடுப்பவர்களின் தலைக்கு மேலால் எறிகிற பேக் ஆட்டக்காரருக்கு உயரமும் நீண்ட கையும் வேண்டும். ஓரத்தில் நிற்கிற விங்குக்கு ஒடுங்கிய கோணம்தான் கிடைக்கும். ஓடிவந்து, பாய்ந்து, காற்றில் உடம்பைத் திருப்பி எறிய வேண்டும், இலேசான உடம்பு அங்கே கைகொடுக்கும். நடுவில் ஆட்டத்தைக் கட்டுகிறவருக்குக் கண்ணும் காலும் விரைவாக இருக்க வேண்டும். அப்புறம் பிவட். கோலுக்கு முதுகு காட்டி, 6 மீற்றர் கோட்டோரம், எதிரணிப் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்பவர். இரண்டு பக்கமும் இடித்துத் தள்ளுவார்கள். அந்த இடியை வாங்கி நிலைத்து நிற்க வேண்டும், தோழிக்கு வழி திறந்துவிட வேண்டும், பந்து வந்தால் ஒற்றைக் கையால் பிடித்துத் திரும்ப வேண்டும்.

என் மகள் பிவட்.

அந்தத் தெரிவுக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். இரண்டு பிள்ளைகள் அவளுடைய தோளிலும் இடுப்பிலும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து முழங்காலுக்குக் கீழே வந்தது. காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, வலக்கையால் அள்ளினாள். ஒட்டி நின்ற இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே அரைவட்டம் திரும்பி, விழுகிறபோதே எறிந்தாள். கோல். எழும்பும்போது முழங்கை உரிந்து புழுதியும் இரத்தமுமாக இருந்தது, வாய் முழுக்கச் சிரிப்பு. ஆறு கிலோ குறைந்த பிள்ளையால் அந்த இடத்தில் நின்றிருக்க முடியுமா என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், ஆட்டம் தெரிந்தவர்கள் நீங்கள்.

2021 தை மாதம் எகிப்தில் நடந்த ஆண்கள் உலகக் கிண்ணத்துக்குக் கொங்கோ ஜனநாயகக் குடியரசு முதல் முறையாக வந்தது. அதன் பிவட் கோதியே ம்வும்பி, 100 கிலோவைத் தாண்டிய பெரிய மனிதர். அவருடைய உடம்பைப் பார்த்து சமூக ஊடகங்களில் பலர் கேலி செய்தார்கள். அர்ஜென்ரீனாவுடனான ஆட்டத்தில் அவர் எறிந்த நான்கும் கோல். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் அவருக்கு வாழ்த்துச் சொல்லி வீடியோ அனுப்புகிற அளவுக்கு அந்த ஒரு கிழமைக்குள் நிலைமை மாறியது. மகளுக்கு அந்த ஆட்டத்தைக் காட்டினேன். மூன்று தரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு இடியப்பம் இன்னும் இரண்டு கேட்டாள்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 29–21 என்று வென்று தங்கம் எடுத்த நோர்வே பெண்கள் அணியின் தலைவி ஸ்டீனே ஒப்டெடால், 1.68 மீற்றர்தான் உயரம். 2019இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானவர். ஐரோப்பியப் பெண்களின் உயரத்துக்கு முன்னால் நின்று கொரியப் பெண்கள் 1988இலும் 1992இலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்கள். கட்டையான பிள்ளையை வரிசையின் கடைசிக்கு அனுப்புகிறபோது இந்தப் பெயர்களை ஒருமுறை நினையுங்கள்.

உயரமும் கட்டும் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உலக மட்டத்தில் பேக் ஆட்டக்காரர்களும் கோல் காப்பாளர்களும் உயரமானவர்கள், பிவட்டுகள் பாரமானவர்கள், விங்குகள் ஒப்பீட்டில் சிறியவர்கள். ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன. கொழுப்பு அளவுக்கு மீறினால் பாய்வதும் திரும்ப ஓடி வருவதும் கஷ்டம், அதுவும் உண்மை. ஆனால் எறிகிற வேகம் உடம்பின் தசையோடு சேர்ந்து வருகிறது. தசைக்கும் நிறை உண்டு. தராசு இரண்டையும் பிரித்துக் காட்டாது. உயரத்தையும் நிறையையும் வைத்துப் போடுகிற பீ.எம்.ஐ. கணக்கும் காட்டாது, அதிலும் வளர்ந்தவர்களுக்கான அட்டவணையைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வைத்துப் பார்ப்பது பெரிய பிழை. வளர்கிற பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற அட்டவணை தனியாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். எங்களுடைய பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்களில் பலர் ஓட்டப் போட்டிகளிலிருந்தும் வலைப்பந்திலிருந்தும் வந்தவர்கள். வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், இடிக்கக்கூடாது. கைப்பந்தில் வளைத்த கையால் தொட்டபடி நிற்கலாம், நெஞ்சால் வழி மறிக்கலாம். ஒன்றுக்கு வாய்த்த உடம்பை மற்றதற்கும் கேட்டால் எப்படி?

வலைப்பந்து என்றதும் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண். 2 மீற்றரையும் தாண்டிய உயரம். 2009, 2018, 2022 ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்தபோது அணியில் இருந்தவர். சின்ன வயதில் அந்த உயரத்துக்காகவே கேலி பட்டவர். இன்று அவருடைய படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிறோம். ஊர் வாய் அன்று நெட்டை என்றது, இன்று என் மகளைக் குண்டு என்கிறது. அவர் தாங்கி நின்றார். தாங்க முடியாமல் விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வளர்ச்சியின் நேரத்தையும் கவனியுங்கள். பெண்பிள்ளைகள் பொதுவாகப் பன்னிரண்டு வயதை அண்டித்தான் வேகமாக உயர்வார்கள், ஆண்பிள்ளைகள் பதினான்கை அண்டி. முந்திப் பெரிய பிள்ளையானவள் பதின்மூன்றில் வகுப்பிலேயே உயரமாக நிற்பாள், பிறகு அதோடு நின்றுவிடுவாள். பிந்தி வளர்கிறவள் பதினேழில் அவளைத் தாண்டிப் போவாள். பெரிய பிள்ளையான பிறகு இடுப்பும் தொடையும் பருப்பது இயற்கை. என் கொப்பியில் ஒரே பிள்ளையின் அளவுகள் எட்டாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை இருக்கின்றன. பார்த்தால் வேறு வேறு ஆட்கள் என்று நினைப்பீர்கள். பதின்மூன்று வயதில் உயரம் பார்த்து ஒதுக்கிய பிள்ளையைப் பதினேழில் தேடினால், அவள் விளையாட்டையே விட்டிருப்பாள்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டினால் உடம்பு என்ன செய்யும் என்பதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. செலவுக்கு ஏற்ற வரவு இல்லாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தும். மாதவிலக்கு நிற்கும், எலும்பு பலவீனமாகும், காயம் ஆற நாளாகும், படிப்பில் கவனம் போகும். டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதும் இதைத்தான். பெண்பிள்ளைகளின் எலும்புக்குப் பலம் சேர்கிற வயதே இதுதான் என்றார். நீங்கள் "மெலிஞ்சு வாரும்" என்று சொல்கிறபோது எப்படி மெலிவது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைப்பது.

தராசுக்குச் செலவிடுகிற அந்த இருபது நிமிடத்தை வேறொன்றுக்குத் தாருங்கள். 2005இல் வெளிவந்த நோர்வே ஆய்வு ஒன்று. 15 முதல் 17 வயது வரையான 1,800க்கும் மேற்பட்ட கைப்பந்துப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சிக்கு முன்னால் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டம், பாய்ந்து இறங்குகிற முறை, திடீரென்று திரும்புகிற முறை, சமநிலை, கால் பலம் என்று பழக்கினார்கள். முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. இந்த ஆட்டத்தில் பெண்பிள்ளைகளின் முழங்கால் தசைநார் அறுவது எவ்வளவு பொல்லாத காயம் என்று என்னை விட உங்களுக்குத் தெரியும். அவளுடைய நிறையை விட, பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளுக்கு மடங்குகிறதா என்பது அல்லவா நீங்கள் பார்க்க வேண்டியது?

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, அது என் வேலை என்பதால். 2021இல் பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியக் கடற்கரைக் கைப்பந்துப் போட்டியில் நோர்வேப் பெண்கள் பிகினி போடமாட்டோம் என்று அரைக் காற்சட்டையோடு இறங்கினார்கள். 1,500 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, அந்த வருடமே சர்வதேசச் சம்மேளனம் விதியை மாற்றியது. இங்கே நடப்பது வேறு மாதிரி. மொத்த அணிக்கும் இரண்டே அளவில் தைத்துத் தாருங்கள், காசு மிச்சம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்த இரண்டுக்குள்ளும் அடங்காத பிள்ளை, ஆட்டம் முழுக்க ஒரு கையால் பெனியனை இழுத்து இழுத்து விடுகிறாள். அந்தக் கை பந்துக்குப் போக வேண்டிய கை. ஒருவருக்கு ஒருவர் அளவு பார்த்துத் தைக்க எனக்குக் கூடுதலாகப் போவது இரண்டு நாளும் கொஞ்சத் துணியும்தான். அந்தத் துணிக்கு நான் காசு கேட்கமாட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். தெரிவு நாளில் பந்தைக் கொடுங்கள். எறியட்டும், பிடிக்கட்டும், ஓடட்டும், தடுக்கட்டும், அதைப் பார்த்து எடுங்கள். உயரமும் நிறையும் கட்டாயம் வேண்டுமென்றால், ஒரு பெண் ஆசிரியை தனியாக எடுத்து எழுதிக்கொள்ளட்டும், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் தெரியட்டும். ஒரு பிள்ளையின் உடம்பில் உண்மையாகவே கவலைப்பட ஏதும் இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதையுங்கள், டொக்டரிடம் அனுப்புங்கள். கிலோக் கணக்குச் சொல்லிப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். விங்குக்கு விங், பிவட்டுக்குப் பிவட் என்று இடத்துக்கேற்ற உடம்பைப் பாருங்கள், அந்த இடங்களையும் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பதின்மூன்றில் முடிவெடுத்துவிடாதீர்கள்.

என் மகள் இப்போது சாப்பிடுகிறாள். பயிற்சிக்கும் போகிறாள். ஆனால் தராசு இருக்கிற எந்த அறைக்குள்ளும் போகமாட்டாள், டொக்டர் வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறி இறங்குகிறாள்.

அடுத்த தவணைக்கு அணி உடுப்புத் தைக்க உங்களில் யார் கூப்பிட்டாலும் வருவேன். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு எனக்கு வசதி. கதவு பூட்டக்கூடிய ஓர் அறையும் ஒரு கதிரையும் ஒழுங்கு செய்து தாருங்கள், பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வரட்டும். ரேப்பும் கொப்பியும் நான் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
பிவட் விளையாடுகிற ஒரு பிள்ளையின் தாய்,
யாழ்ப்பாணம்.